ஒன்றில் வைத்தால் உறுமும்

மார்கழி ஆறாம் தேதி, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன். மேல்தொட்டி நிறையும் வரை வாசலில் நின்றேன். பால் வாங்கிக் காய்ச்சினேன். நாளிதழை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை படித்தேன். நான்கு இட்லி, தக்காளிச் சட்னி. சனிக்கிழமை கம்பெனி அரை நாள்தான். மதியம் வீடு திரும்பாமல், கப்பலூரிலிருந்து நேராக வண்டியைச் சோழவந்தானுக்கு விட்டேன்.

பையில் மல்டிமீட்டர், டெஸ்டர், திருப்புளிகள், ஒரு முழ நீளத்தில் மூங்கில் குச்சி, ஒரு மாற்று வேட்டி. இவ்வளவும் எடுத்து வைத்தேனா என்று கிளம்புமுன் இருமுறை பார்த்துக்கொண்டேன். அது என் பழக்கம்.

என்னை வரச் சொன்னது மச்சினன் குமரேசன். முந்தைய நாள் போனில் பதறினான்.

"மச்சான், இன்வெர்ட்டர் தினமும் விடியக்காலம் உறுமுது. சும்மா இல்ல, கரடி மாதிரி. பேட்டரி கீட்டரி வெடிச்சுப்புடுமோன்னு பயமா இருக்கு. நீங்க வந்து பாருங்க. இல்லாட்டி அம்புட்டையும் கழட்டி எறிஞ்சுட்டு அரிக்கேன் விளக்குக்கே போயிர்றேன்."

என் மாமனார் வீடு வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. மின்கம்பம் வரவேண்டுமென்றால் பங்காளி வயல் வழியாகத்தான் வரவேண்டும். பங்காளி சம்மதிக்கவில்லை. அதனால் கூரைமேல் சூரியத் தகடு, முன்கட்டில் நான்கு பேட்டரி, சுவரில் ஒரு இன்வெர்ட்டர். எல்லாம் நான் பொருத்தியது. அந்த இன்வெர்ட்டருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எங்கள் கம்பெனியில் சுற்றி, என் கையால் சோதித்தது. அது உறுமுகிறது என்றால் என்னைப் பார்த்து உறுமுவதாகத்தான் எனக்குப் பட்டது.

குச்சி டாக்டர்

எங்கள் கம்பெனி சிறியது. இன்வெர்ட்டருக்கும் பேட்டரி சார்ஜருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுக்கிறோம். நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மீட்டர் காட்டுவதை எழுதுவது பாதி வேலை. மீதி வேலை காதுக்கு.

குச்சியின் ஒரு முனையை இரும்பின்மேல் வைத்து, மறு முனையைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டால் உள்ளே நடப்பது தெரியும். தகடுகள் இறுகவில்லை என்றால் ஒரு நடுக்கம். சுற்று தளர்ந்திருந்தால் ஈ மொய்க்கிற ஓசை. பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆனால், உலை கொதிக்கத் தொடங்குவதுபோல் உள்ளே குமிழி விடும்.

கூட வேலை செய்கிற பாண்டி எனக்கு வைத்த பெயர் குச்சி டாக்டர். "அண்ணே, எங்க மாமியா நாள் பூரா உறுமுது. குச்சிய எடுத்துட்டு ஒரு எட்டு வாரீங்களா?" என்பான். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமைதான்.

திருவாதவூரில் ஒரு கோழிப்பண்ணையில் சூரியத் தகட்டின் சார்ஜ் கண்ட்ரோலர் உச்சி வெயிலில் மட்டும் கிறீச்சிட்டது. இரண்டு மெக்கானிக்குகள் வந்து பலகையையே மாற்றிப் பார்த்தும் நிற்கவில்லை. நான் போய்க் குச்சியை வைத்தேன். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. சூடு ஏறியதும் சின்ன மின்விசிறி சுழலத் தொடங்கும். அதன் இறக்கை மண்ணில் உரசும். அவ்வளவுதான். பண்ணைக்காரர் ஒரு வாழைத்தாரை வண்டியில் கட்டிவிட்டார்.

இந்தக் குளவிக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை. இந்தத் தொடரிலேயே ஒரு வாரம் விரிவாக எழுதினேன். வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். அப்போதே இதையும் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஜெயித்த கதையை முதலில் சொல்லிவிட்டேன்.

சட்டை

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சட்டை போடுவதே இல்லை. கொடிக்காலில் வேலை செய்கிறவருக்கு வேட்டியும் தோள் துண்டும் போதும். சோழவந்தான் கடைத்தெருவுக்கும் அப்படியேதான் போவார்.

நான் வந்தால் மட்டும் சட்டை. வண்டிச் சத்தம் வாய்க்கால் பாலத்தில் கேட்டதுமே உள்ளே போய்விடுவார். நான் வாசலில் இறங்கும்போது கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, "வாங்க மாப்ள" என்று நிற்பார். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சட்டையில்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. "ஒங்கப்பா எதுக்கு இப்படி வேர்த்துக்கிட்டு நிக்கணும்?" என்று என் மனைவி சாந்தியிடம் ஒருமுறை கேட்டேன். "மாப்பிள்ளை முன்னாடி வெத்து உடம்போட நிப்பாகளா?" என்று அவள் என்னைத்தான் விநோதமாகப் பார்த்தாள்.

அத்தை இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மாமாவுக்குச் சென்ற ஆடியில் மதுரையில் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. சிலருக்குக் கொஞ்ச காலம் சிறுநீர் கட்டுப்படாமல் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அதைச் சொன்னபோது அவருக்கு எதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தவன் நான்தான்.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் மாமா கூடத்திலிருந்த தன் கட்டிலை, நெல்லும் தவசமும் போட்டுவைக்கும் பின்னறைக்கு மாற்றிக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் தங்குவதில்லை. இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுவார். சாந்தி வருத்தப்பட்டாள். "வயசாகுதுல்ல, பிடிவாதம்" என்று நான் சமாதானம் சொன்னேன்.

கேட்காத ஒருவர்

சனிக்கிழமை மாலை எல்லாவற்றையும் சோதித்தேன். பேட்டரித் தண்ணீர் சரி. முனைகள் இறுக்கம். மின்விசிறி, மிக்ஸி, டி.வி. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் குச்சியை வைத்துக் கேட்டேன். இன்வெர்ட்டர் பூனைபோல் முனகியதே தவிர, உறுமவில்லை.

"எப்ப இருந்து இந்தச் சத்தம்?"

"ஐப்பசி மழை பிடிச்சதுல இருந்து மச்சான்," என்றான் குமரேசன். "நான் வெத்தல கிள்ள எந்திரிக்கிற நேரத்துக்கு ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் உறுமிட்டு நின்னுபோகும்."

குமரேசனின் மனைவி செல்வி, காபி டம்ளரை என்னிடம் நீட்டியபடி சொன்னாள்: "அண்ணே, அதுபாட்டுக்குக் கத்திட்டுப் போகுது, விடுங்க. மாடு கத்தலையா, மயிலு கத்தலையா? இதுக்குப் போயி கப்பலூர்ல இருந்து வரணுமா?"

"அப்படி விட முடியாதும்மா. சத்தம்னு ஒண்ணு இருந்தா அதுக்குக் காரணம்னு ஒண்ணு இருக்கும்."

மாமா சட்டையோடு தூணோரம் உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே மாப்ள," என்றார்.

வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற சத்தம் ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை. தொழிற்சாலையில் இப்படி ஒரு தகவல் வந்திருந்தால் அங்கேதான் தொடங்கியிருப்பேன். இங்கே, வயதானவர், காது மந்தம் என்று ஒதுக்கிவிட்டேன்.

"நாளைக்கு விடியறதுக்குள்ள ஆளைப் பிடிச்சுக் குடுத்துர்றேன்," என்று குமரேசனிடம் சொன்னேன். போலீஸ்காரனைப் போல அப்படித்தான் சொன்னேன்.

"மோப்ப நாய வரவழைச்சாச்சு, இனிமே கவலயில்ல," என்று அவன் சிரித்தான்.

செல்வி சிரிக்கவில்லை. அதையும் நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

மூன்று தடவை

ஞாயிறு விடிகாலை. தூரத்துக் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியிருந்தது. வெளியே பனி. நான் முன்கட்டில் இன்வெர்ட்டருக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். சட்டென்று உறுமல் வந்தது.

குமரேசன் மிகைப்படுத்தவில்லை. சுவரே அதிர்ந்தது. குச்சியை வைத்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

இன்வெர்ட்டர் தரும் மின்சாரம் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுவது. தலைமுடி உலர்த்தும் டிரையர் போன்ற சில கருவிகளில் இரண்டு அளவு இருக்கும். இரண்டில் வைத்தால் ஊஞ்சலின் இரு பக்கத்தையும் எடுத்துக்கொள்ளும். ஒன்றில் வைத்தால் சில மலிவான கருவிகள் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரே பக்கமாக இழுபட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். பழுது இல்லை. அதன் இயல்பு அது.

எந்த அறையில் என்று பார்ப்பதுதான் மிச்சம். முன்கட்டிலேயே ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி சுவிட்ச் வைத்திருந்தேன். அடுப்படியை நிறுத்தினேன். உறுமல் நிற்கவில்லை. கூடத்தை நிறுத்தினேன். நிற்கவில்லை. பின்னறையை நிறுத்தினேன். நின்றது.

திரும்பப் போட்டேன். உறுமியது. நிறுத்தினேன். நின்றது. ஒரு தடவை தற்செயலாக இருக்கலாம், இரண்டு தடவையும் போதாது, மூன்று தடவை ஒரே விடை வந்தால்தான் எழுதலாம் என்பது எங்கள் சோதனைப் பிரிவின் விதி. நான் மூன்று தடவை செய்தேன்.

அந்தச் சுவிட்சின் மறுமுனையில் என்ன நடந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்துவிட்டேன். கையிலிருக்கும் கருவி தானாக அணைகிறது. மறுபடி உயிர் பெறுகிறது. மறுபடி அணைகிறது. அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார்?

"குமரேசா, வா! பின்னறை!" என்று உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். அவன் என் பின்னால் வந்தான். அடுப்படியிலிருந்து செல்வி, "அண்ணே, நில்லுங்க. அண்ணே!" என்றாள். தவசம் போடும் அறைக்கு வெளித்தாழ்ப்பாள்தான் உண்டு, உள்தாழ்ப்பாள் கிடையாது. நான் தள்ளியதும் கதவு திறந்துகொண்டது.

மாமா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். துவைத்துப் பிழிந்த போர்வை கட்டில் சட்டத்தின்மேல் விரித்திருந்தது. பக்கத்தில் ஈர வேட்டி. அவர் கையில் டிரையர். கோடை விடுமுறைக்கு வந்த என் மகள் மறந்துவிட்டுப் போனது. இஸ்திரி போடுவதுபோல் அதைப் போர்வையின்மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார். சுவரோரம் ஒரு ரப்பர் விரிப்பு சுருட்டி வைத்திருந்தது.

சுவிட்ச் ஒன்றில் இருந்தது. ஒன்றில் வைத்தால் டிரையரின் சத்தம் குறைவு. கதவுக்கு வெளியே கேட்காது என்று அப்படி வைத்திருக்கிறார்.

அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை மாற்றாமல் எழுதுகிறேன். "இதுதான்! நான் சொன்னேன்ல, பிடிச்சுக் குடுத்துர்றேன்னு! ஒண்ணுல வச்சிருக்காங்க பாரு!" குமரேசன் பக்கம் திரும்பி, குச்சியால் சுட்டிக் காட்டிச் சொன்னேன்.

மாமா டிரையரை அணைத்தார். திறந்த மார்பின்மேல் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"ஒரு நிமிசம் மாப்ள," என்றார். "சட்டையப் போட்டுக்கிறேன்."

செல்வி சொன்னது

கதவைச் சாத்தியது செல்வி. "காப்பி ஆறுது, வாங்க ரெண்டு பேரும்" என்று எங்களைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். குமரேசனுக்கு அப்போதுதான் விளங்கியது. "அப்பாவுக்கு இப்படியா செல்வி?" என்று கேட்டவன், காபியைத் தொடாமல் கொடிக்காலுக்குப் போய்விட்டான்.

பகலெல்லாம் மாமா என் கண்ணில் படவில்லை. சாப்பிட இலை போட்டதும், "பசியில்ல ஆத்தா" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. சாந்தி போன் செய்தாள். "என்ன சத்தமாம்?" என்றாள். "ஒண்ணுமில்ல, சரியாயிருச்சு" என்றேன். சரியாகிவிட்டது என்று பொய்யாக நான் எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று வாயால் போட்டேன்.

கிணற்றடியில் செல்வி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"நேத்தே சொன்னேன்ல அண்ணே, விடுங்கன்னு."

"உனக்குத் தெரியுமா?"

"ஆரம்பத்துல இருந்தே தெரியும். வெயிலடிக்கிறப்ப பின்னால கொடியிலயே காயப் போட்டு எடுத்துருவாக. மழை வந்தப்புறம்தான் அந்தச் சாமான். சத்தம் ஆரம்பிச்சா நான் அடுப்படிய விட்டு வெளிய வர மாட்டேன். நின்னப்புறம் ரெண்டு பாத்திரத்த உருட்டுவேன். அவுக வெளிய வருவாக. 'எந்திருச்சுட்டியா ஆத்தா'ம்பாக. 'இப்பத்தான் மாமா'ம்பேன். அம்புட்டுத்தான். அவுகளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? மாமனாரப் பத்தி மருமக, வீட்டு மாப்பிள்ளைகிட்ட சொல்றதா?" கரியும் சாம்பலுமாக இருந்த கையால் நெற்றி முடியை ஒதுக்கினாள். "இந்த மனுசன்கிட்டயும் சொல்லல. சொன்னா வெத்தலக் கடை வரைக்கும் போயிரும். 'அது இன்வெர்ட்டரு சத்தம், பழகிரும்'னு அவர்கிட்ட சொல்லி வச்சேன். அவரு ஒங்களக் கூப்புடுவாருன்னு நான் கண்டேனா?"

ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்கு விளக்கினேன்.

"அப்ப ரெண்டுல வச்சா இது உறுமவே உறுமாதா?"

"உறுமாது."

"போதும்ணே. எனக்கு அடையாளத்துக்கு அந்த உறுமலு வேணாம், அவுக வேலை முடிஞ்சு, விடிஞ்சு வெளிச்சம் வந்தப்புறம் எந்திருச்சுக்கிறேன்."

"இத நீயே மாமாகிட்டச் சொல்லிரு செல்வி."

"நான் சொன்னா எனக்குத் தெரியும்னு ஆயிருமே. நீங்கதான் பாத்துட்டீகளே. நீங்க சொல்லுங்க," என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மஞ்சள் பை

வெயில் தாழ்ந்ததும் மாமா வெளியே வந்தார். சலவைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை. கையில் மஞ்சள் பை. அதை என் பக்கத்தில் வைத்தார். உள்ளே டிரையர், ஒயரைச் சீராகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"பாப்பாவோட சாமான். மறந்துட்டுப் போயிருச்சு. குடுத்துருங்க மாப்ள."

"இருக்கட்டும் மாமா. அவகிட்ட வேற இருக்கு."

"இல்ல மாப்ள. இங்க அதுக்கு வேலையில்ல."

பிறகு குமரேசனிடம், என் காதிலும் விழும்படி சொன்னார்: "இன்னியில இருந்து நான் காவக் கொட்டகையில படுத்துக்கிறேன்டா. வெத்தலக்கிக் காவல் வேணும்ல."

"மார்கழிப் பனியிலயாப்பா? நாலு பக்கமும் கீத்துதான். நிமோனியா வந்துரும்."

"ஒண்ணும் வராது."

போர்வையையும் ரப்பர் விரிப்பையும் ஒரு மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார். ஆபரேஷன் செய்த உடம்பு. கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்தார். அவரைத் தடுக்க வேண்டியவன் நான்தான். என்னால் நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை. இருட்டும் வரை சுவரிலிருந்த இன்வெர்ட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. இனி அது உறுமாது.

மறுநாள் காலை

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக என் மாற்று வேட்டியைக் கிணற்றுத் தொட்டியில் முக்கிப் பிழிந்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. பின்னறைக்கு எடுத்துப்போய், மாமாவின் வெறும் கட்டில் சட்டத்தின்மேல் விரித்தேன். மஞ்சள் பையிலிருந்து டிரையரை எடுத்து மாட்டினேன். சுவிட்சை இரண்டில் வைத்தேன். தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து வேட்டியைக் காயவைக்கத் தொடங்கினேன். அந்த அறையிலிருந்து கொல்லைக்குப் போகும் பின்வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

பனிக்குள்ளிருந்து மாமா வந்தார். கக்கத்தில் மூட்டை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

நான் தலை நிமிரவில்லை.

"ஒரே பனி மாமா," என்றேன். "துணி காயவே மாட்டேங்குது. ஒண்ணுல வச்சாத்தான் இன்வெர்ட்டரு கத்தும். ரெண்டுல வச்சாக் கத்தாது."

வேட்டியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைக் காயவைத்தேன்.

"ரெண்டுலயா மாப்ள?"

"ரெண்டுல மாமா."

வேட்டி பாதிதான் காய்ந்திருந்தது. அப்படியே எடுத்து மடித்தேன். டிரையரை அணைத்து, பிளக்கைப் பிடுங்காமல் கட்டில்மேல் வைத்தேன். அவரைக் கடந்துபோகாமல் உள்வழியாக முன்வாசலுக்கு வந்து, பின்னறைக் கதவை எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டேன்.

வண்டியை உதைத்தேன். பனிக்காலத்தில் என்ஜின் சூடேறக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். நான் தேவைக்கும் அதிகமாக ஓடவிட்டேன். கைப்பிடியை முறுக்கி நன்றாகவே இரையவிட்டேன். அடுப்படி ஜன்னலில் செல்வி தெரிந்தாள். வெளியே வரவில்லை.

அந்த இரைச்சலில், உள்ளே டிரையர் ஓடியதா என்று எனக்குத் தெரியாது.